நாரிக்கு ஒரு கை

எங்கள் ஊரில் இடுப்பின் பின்பக்கத்தை நாரி என்போம். அகராதியைப் புரட்டினால் நாரி என்றால் பெண் என்று போட்டிருக்கும். எழுதியவர் பிள்ளைத்தாச்சியாக இருந்து பார்த்தவரல்லர்; ஆனாலும் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். ஏழாம் மாதத்தில் எனக்கு உடம்பு முழுக்க நாரிதான்.

குண்டுவீச்சுக்குப் பயந்து முற்றத்தில் வெட்டிய பங்கருக்குள் குனிந்து இறங்கி ஏறியதில் வந்த வினை. ஆஸ்பத்திரியில் நோவுக்குக் குளிசை இல்லை, பிள்ளை பிறந்தால் மாறிவிடும் என்றார்கள். என் கணவர் என்னைச் சைக்கிள் கரியரில் ஏற்றி, முறிவு நெரிவு பார்க்கும் பரியாரியாரிடம் கொண்டுபோனார்.

பரியாரியார் என்னைத் தொடவேயில்லை.

"பிள்ளைத்தாச்சியின்ரை நாரியிலை நான் கை வைக்கிறேல்லை. தம்பி, நீர் வந்து படும்."

பாயில் ஒருக்களித்துப் படுத்த என் கணவரின் நாரியில் பெருவிரலை ஊன்றினார். "அவ மூச்சு விடேக்கை அமத்தவேணும், இழுக்கேக்கை விடவேணும்." கணவர் "ஐயோ" என்று கத்திவிட்டார். "நோ உனக்கு, வைத்தியம் எனக்கு" என்று வீடுவரை புறுபுறுத்துக்கொண்டே சைக்கிள் மிதித்தார்.

ஆனால் பழகிவிட்டார். பின்னேரம் வெங்காயத் தோட்டத்தால் வந்து, மண்வெட்டி பிடித்துக் காய்த்த கையைக் கழுவிவிட்டு அமத்துவார். நான் நிமிர்ந்து நிற்பேன். அதற்குள் குண்டு போடப் பொம்மர் வரும், பங்கருக்குள் ஓடுவோம், நாரி மறுபடி பிடித்துக்கொள்ளும். "நான் நிமித்த அவன் வளைக்கிறான்" என்று வானத்தைப் பார்த்து ஏசுவார். அந்த நோவிலும் எனக்குச் சிரிப்பு வரும்.

பிறக்கப்போகும் பிள்ளைக்குப் பால்மா ஒரு கடையிலும் இல்லை. இரவில் நேவி சுடுகிற கிளாலிக் கடலால் படகில் வவுனியாவுக்குப் போய் வாங்கிவருவதாக வெளிக்கிட்டார். போகவேண்டாம் என்று அழுதேன்.

"ஒரு கிழமைக்குள்ளை வந்திடுவன். அதுமட்டும் நாரியைப் பத்திரமாய் வைச்சிரு."

படகில் ஏறியதைக் கண்டவர்கள் இருந்தார்கள். இறங்கியதைக் கண்டதாக ஒருவரும் சொல்லவில்லை. நான் போய்க் கேட்காத ஆளில்லை. வருவார் என்று சொன்னவர்கள் எல்லோரும் வேறெங்கோ பார்த்துக்கொண்டுதான் சொன்னார்கள். எனக்கு அவர்கள்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஒன்பதாம் மாதம் பாயைவிட்டு எழும்பவே முடியாமற் போயிற்று. அயல் பெண்கள் எண்ணெய் பூசிப் பார்த்தார்கள், சுகமில்லை. பக்கத்து வீட்டு அக்கா மாட்டுவண்டில் பிடித்து என்னைப் பரியாரியாரிடம் கூட்டிப்போனார்.

பரியாரியாருக்கு நடந்தது ஒன்றும் தெரியாது. முன்புபோலவே பாயை விரித்துவிட்டு வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"தம்பி எங்கை, பிள்ளை? ஆரின்ரை நாரியிலை நான் காட்டிறது?"

"வந்திடுவார், ஐயா" என்று அக்கா எனக்காக முந்திக்கொண்டு சொன்னார்.

"வரமாட்டார்" என்றேன். அதை நான் வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான்.

பரியாரியார் குனிந்து பாயைச் சுருட்டினார்.