ஃபோர்க்லிப்ட் அண்ணனின் நேர்முடி

கும்மிடிப்பூண்டி கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரும் ஃபோர்க்லிப்ட் ஓட்டும் அண்ணனுக்கும் எனக்கும் ஒரே மாதிரி சுருட்டை முடி. ஒருநாள் அவர் முடி மட்டும் நேராக நெற்றியில் வழிந்தது. ஜன்னல் கண்ணாடியில் நொடிக்கொரு தரம் அதைப் பார்த்துக்கொண்டார். பஸ்ஸில் இருந்த பேக்கிங் பிரிவுப் பெண்களும் பார்த்தார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது.

“இன்னாண்ணே, மாடு நக்கிச்சா?”

“முடி நேராக்குற க்ரீம்டா. ஊட்லயே போட்டேன், மொத தபா.”

“பின்னாடி கை எப்டி எட்டிச்சு?”

“உங்க அண்ணி தடவுனா.”

க்ரீம் பட்டு அவர் காது சிவந்திருந்தது. விடுவேனா?

“காது வெந்துகீதே! எரியல?”

“எரிஞ்சுது. அவதான் அழுதுக்கினே ஊதி உட்டா.”

க்ரீம் கடையில் கிடைக்கும். நானும் வாங்கி, நான் மட்டும் இருக்கும் ரூமில் போட்டுக்கொள்ளலாம். ஆனாலும் கம்பெனி வரும்வரை அந்தக் காதையே பார்த்துக்கொண்டு போனேன்.