மிஸ்ஸிக்கு எதிராக ஆட்டிய தலை

கோயில் வாட்ஸ்அப் குழுவில் நம் கிளினிக் நர்ஸ் ரெஜினா மிஸ்ஸியின் படம் வந்தபோது, நான் பெடாஸ் பக்கத் தோட்டத்தில் லாரிக்குச் செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டிருந்தேன். படத்தின் கீழே எழுதியிருந்ததைப் படிக்கவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு நேரமாகும். பிறந்தநாள் என்று நினைத்து, விழுந்து சிரிக்கும் பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டேன். மகள்தான் போன் போட்டாள். "அப்பா, மிஸ்ஸி இறந்துட்டாங்க. முதல்ல அத அழிங்க." அதற்குள் நீங்கள் எல்லாரும் பார்த்துவிட்டீர்கள்.

விளங்காமலே பதில் சொல்வது எனக்குப் புதிதல்ல.

நம் கிளினிக்கில் மருந்து கொடுத்தவுடன் மிஸ்ஸி யாரையும் விடமாட்டார். "நான் சொன்னத இப்ப நீங்க சொல்லுங்கண்ணே" என்பார். "பரீட்சைக்குப் பயந்துதான் மூணாம் வகுப்போட ஓடினேன் மிஸ்ஸி, இங்கயுமா?" என்பேன். பிறகு இடுப்பில் கைவைத்து, அவர் குரலிலேயே ஒப்பிப்பேன்: "ஊசி போட்டா அரை மணிக்குள்ள சாப்பிட்டிரணும்ணே." பெஞ்சே சிரிக்கும். மிஸ்ஸியும் சிரிப்பார். என் காது அந்தச் சிரிப்பில்தான் இருந்தது.

தைப்பூசத்துக்கு ஒருவேளை மட்டும் சாப்பிடும் விரதம் இருந்தேன். இனிப்பு நீருக்கான இன்சுலின் ஊசியை மட்டும் விடாமல் காலையில் போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றோடு வேலைக்குப் போய், லாரிப் படியில் விழுந்தேன். கண் விழித்தபோது கிளினிக்கில் இருந்தேன்.

"சாப்பிடணும்னு மிஸ்ஸி சொல்லலையா?" என்று டாக்டர் கேட்டார்.

பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இல்லை என்று தலையாட்டினேன்.

டாக்டர் என் முன்னாலேயே அவரை ஏசினார். மிஸ்ஸி என்னை ஒருமுறை பார்த்தார். "அவருக்கு வெளங்கலன்னா நாம கேட்டது பத்தல டாக்டர். கேக்குற விதத்த கிளினிக்தான் மாத்தணும்" என்றார்.

மாற்றினார். சர்ச்சுக்குப் போகிறவர், நம் விரத நாள்களையெல்லாம் கேட்டுக் காலண்டரில் வட்டமிட்டார். ஊசி கொடுக்கும் ஒவ்வொருவரிடமும், "எந்தெந்த நாள் சாப்பிடாம இருப்பீங்க?" என்று கேட்கத் தொடங்கினார். மற்ற மிஸ்ஸிகளும் பழகிக்கொண்டார்கள். என்னிடம் கேட்டபோதாவது நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். "விருந்து வைக்கப் போறீங்களா மிஸ்ஸி?" என்றேன்.

"விழாம வாங்கண்ணே, வைக்கிறேன்" என்றார்.

மிஸ்ஸியைத் தெரிந்தவர்களே, அவர் சொல்லித்தான் கொடுத்தார். பலமுறை சொன்னார். பொய்யாகத் தலையாட்டியவன் நான்.

போன வாரம் புது மிஸ்ஸி அதே கேள்வியைக் கேட்டு, டாக்டர் மாற்றி எழுதிய மாத்திரையைக் கொடுத்து, சாப்பிடும் முறையையும் சொன்னார். கிண்டல் நாக்கு நுனிவரை வந்தது. "வெளங்கல மிஸ்ஸி, இன்னொரு தடவ சொல்லுங்க" என்றேன். பெஞ்சில் யாரும் சிரிக்கவில்லை.

ரெஜினா மிஸ்ஸியிடமிருந்து எனக்கு மிஞ்சியது 'வெளங்கல' என்ற அந்த ஒரு சொல்தான். அதை அவரிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.