ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு எங்கே கிடைக்கும்?

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிறு மதியம். கோலார் தங்கவயலில், மைசூர் மைன்ஸ் பகுதியில் ஒரு பழைய ஷாஃப்ட் இருக்கிறது. ஒரு காலத்தில் ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கிய குழி. இப்போது பூட்டிக் கிடக்கிறது. அதன் கேட்டில் காவல் இருக்கும் முனிராஜ் எனக்குப் போன் செய்தார்.

“இன்னா வேலப்பா பண்ணி வெச்சிகீற? ரெண்டு கார் வந்து நிக்குது. உள்ள மட்டன் சாப்பாடு கிடைக்குமாமே?”

“உங்ககிட்டயா கேட்டாங்க?”

“பின்ன? பூட்டி இருபது வருசத்துக்கு மேல ஆச்சி. குழிக்குள்ள யாரு சமைக்கிறாங்களாம்?”

தப்பு என்னுடையது. பாதி தப்பு ஸ்டெல்லாவுடையது. முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

ராபர்ட்சன்பேட்டைக்குப் போகிற வழியில், சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய லைன் வீட்டின் முன்னறையில் மெஸ் நடத்துகிறவர் ஸ்டெல்லா. நான்கு மேஜை. பெங்களூர் ரயிலைப் பிடிக்கிறவர்கள் விடிவதற்குள் வந்து டிபன் கட்டிக்கொண்டு ஓடுவார்கள். அதுதான் வியாபாரம். அந்த ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். தினமும் போய்வர முடியாமல் அங்கேயே அறை எடுத்துத் தங்கிவிட்டார்கள். நான் எந்த ஊரிலும் இரண்டு வருடத்துக்கு மேல் தங்கியதில்லை. கே.ஜி.எஃப். என்கிற இந்தத் தங்கவயலில் மூன்றாவது வருடம் ஓடுகிறது என்றால், ஸ்டெல்லாவின் இட்லியும் ஒரு காரணம்.

ஒருநாள் காலை, தட்டை வைக்கும்போதே சொன்னார்.

“மாசக் கடைசியோட நிறுத்திக்கிறேன்ணா. பெங்களூர்ல ஒரு கேன்டீன்ல கூப்புட்றாங்க. இத்தினி நாளு டிபன் கட்டிக் குடுத்தேன், இனிமே நானும் அதே ரயில்ல ஏறணும்.”

“பொண்ணு?”

மகள் பத்தாவது படிக்கிறாள். கணவர் பெங்களூரில் செக்யூரிட்டி. ஞாயிறு மட்டும்தான் வீட்டில்.

“நான் போறப்ப தூங்கினு இருப்பா. வர்றப்பவும் தூங்கினு இருப்பா. ஞாயித்துக்கெழம மூஞ்ச பாத்துக்கலாம்.”

அழவில்லை. சாம்பார் போதுமா என்று கேட்டார்.

நான் படித்தது எட்டாவது வரை. ஹூப்ளியில் லாரி கிளீனர், கோவாவில் பாத்திரம் கழுவுகிறவன், ஹம்பி பக்கம் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன். அந்த லாட்ஜில்தான் ஒன்றைக் கவனித்தேன். வருகிறவர்கள் எல்லாரும் போனில் எதையாவது கேட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். என்ன கேட்டார்கள் என்பதை அந்தப் போனே காட்டிக்கொடுக்கிறது.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். எதையாவது தேடினால் நடுவில் ஒரு பெட்டி வரும். ‘மற்றவர்கள் கேட்பவை’ என்று நாலைந்து கேள்விகள். ஒன்றைத் தொட்டால் பதில் விரியும், கூடவே இன்னும் இரண்டு கேள்வி முளைக்கும். சில சமயம் ஒரு சின்ன மேப், அதில் இரண்டு மூன்று கடைகள். நாம் அதையெல்லாம் தள்ளிவிட்டுக் கீழே போய்விடுகிறோம். கடை வைத்திருப்பவர் போகலாமா? முகம் தெரியாத வாடிக்கையாளர்கள் வரிசையாக நின்று, தங்களுக்கு என்ன வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் அங்கே...

மெஸ்ஸில் உட்கார்ந்தபடியே ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடினேன். சுரங்கக் கழிவு மலைபோல் குவிந்த சயனைடு மேட்டில் ஏற விடுவார்களா? சுரங்கத்துக்குள் போகலாமா? ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்ப முடியுமா? நாலாவதாக — கே.ஜி.எஃப்.பில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு எங்கே கிடைக்கும்?

தொட்டேன். விரிந்த பதில் கோலாரில் இருக்கும் ஒரு ஓட்டலைப் பற்றியது. அதுவும் காலை டிபன்.

நல்ல பதில் இருக்கிற கேள்வியோடு மோதிப் பயனில்லை. அசட்டுப் பதில் இருக்கிற கேள்விதான் காலி மனை. ஸ்டெல்லாவிடம் காட்டினேன்.

“ஞாயித்துக்கெழமயா?” என்றார். “எங்க லைன்ல யாருணா அன்னிக்கு கடை தொறக்கறாங்க? சர்ச்சுக்கு ஒரு வாரம் போவலன்னா மறுவாரம் பாஸ்டரு வீட்டுக்கே வந்துடுவாரு, உடம்பு சரியில்லியான்னு.”

“சர்ச் எத்தனை மணிக்கு முடியுது?”

“பதினொண்ணு.”

“அப்புறம்?”

“அப்புறம் இன்னா, மட்டன் வேகும்.”

“எத்தனை பேருக்கு?”

கொஞ்சம் யோசித்தார். “நாங்க மூணு பேரு. ஆக்கறது பத்து பேருக்கு. யாராச்சும் வருவாங்க இல்ல?”

“அந்த யாராச்சும்தான் இவங்க.”

காலித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மூன்றாம் நாள் அவரே வந்து நின்றார். “ஒரு மணிக்கு முன்னாடி யாரும் வரக் கூடாது. சர்ச்சுக்குப் போய் வந்துதான் ஆக்குவோம்னு எழுதணும். சம்மதமா?”

அப்படியே எழுதினேன். மெஸ்ஸின் பெயரில் இன்டர்நெட்டில் ஒரு பக்கம் போட்டு, ஜனங்கள் கேட்ட அதே கேள்வியை அதே வார்த்தைகளில் தலைப்பாக வைத்தேன். கீழே இரண்டே வரிப் பதில். தமிழிலும் தெரிந்த ஆங்கிலத்திலும் நான்; கன்னடத்தில் மகள். இலையில் வைத்த சாப்பாட்டைப் போட்டோ எடுத்து ஏற்றினேன். மேப்பிலும் மெஸ்ஸைச் சேர்த்தேன்.

“இடம் எதுன்னு போடட்டும்?” என்று கேட்டேன்.

“மைசூர் மைன்ஸ் ஷாஃப்ட்டுன்னு போடுங்க. யாருக்குத் தெரியாது?” என்றார் ஸ்டெல்லா.

போட்டேன்.

முதல் ஞாயிறு யாரும் வரவில்லை. இரண்டாவது ஞாயிறும் இல்லை. மீந்த குழம்பை நானும் பக்கத்து வீடும் சாப்பிட்டோம். மூன்றாவது ஞாயிறு, சர்ச்சிலிருந்து வந்ததும் ஸ்டெல்லா சொன்னார். “இன்னிக்கும் மீந்துச்சின்னா, நாளைக்கு கேன்டீனுக்கு வர்றேன்னு போன் பண்ணிடுவேன்ணா.” சட்டியைக் கிளறிக்கொண்டேதான் சொன்னார்.

அப்போதுதான் முனிராஜின் போன்.

இந்த ஊரில் ஒருவர் தன் வீடு ஷாஃப்ட்டில் என்றால், அப்பா இறங்கிய ஷாஃப்ட்டைச் சேர்ந்த லைன் வீடு என்று அர்த்தம். வீடு அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் அது தெரியும். எனக்கே மூன்று வருடத்தில் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. மேப்புக்கு யார் சொல்வது? அது போய்ப் பூட்டிய கேட்டில் குறி வைத்துவிட்டது.

“அவங்கள நிறுத்தி வைங்க, இதோ வர்றேன்” என்றேன்.

“போன வாரமும் ஒரு வேன் வந்துச்சிப்பா” என்றார் முனிராஜ். “இங்க ஒண்ணும் இல்ல, போங்கன்னு அனுப்பிட்டேன். இன்னிக்கு இவங்க போன்ல ஸ்டெல்லா மெஸ்ஸுன்னு காட்டினாங்க, அதான் உன்ன கூப்ட்டேன்.”

சைக்கிளில் போய், இரண்டு கார்களையும் பின்னால் வரவைத்துக் கூட்டிவந்தேன். ஒன்பது பேர். சர்ச்சுக்குக் கட்டிய புடவையோடு ஸ்டெல்லா பரிமாறினார். வந்தவர்களில் ஒரு பெண் ரசத்தை இரண்டாம் முறை கேட்டுவிட்டு, “வாட்ச்மேன் சாப்பாடே இல்லன்னாரே?” என்றாள்.

“அவருக்கு இன்னும் குடுக்கல, அதான்” என்றார் ஸ்டெல்லா. கேரியரில் முனிராஜுக்கும் போயிற்று.

மேப்பில் குறியை அன்று சாயங்காலமே மாற்றினேன். திங்கட்கிழமை கேன்டீனுக்குப் போன் போகவில்லை. சில வாரம் கழித்து, கோலார் ஓட்டல் இருந்த இடத்தில் எங்கள் இரண்டு வரி விரிந்தது, ஒரு மணிக்கு முன்னால் வராதீர்கள் என்பதோடு.

எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். காலை டிபன் இன்னும் மந்தம்தான். சுரங்கத்துக்குள் போகலாமா என்ற கேள்விக்கும் ஒரு பதில் எழுதினேன். அதை யாரும் சீண்டவில்லை. எந்தக் கேள்விக்கு நம்மிடம் ஏற்கெனவே பதில் வெந்துகொண்டிருக்கிறதோ, அதை எடுத்துக்கொண்டால் போதும். மற்றதை விட்டுவிடலாம்.

ஞாயிறு வேலை செய்வதால் ஸ்டெல்லா திங்கட்கிழமை மெஸ்ஸைத் திறப்பதில்லை. அன்று மகளுக்குத் தலை பின்னி, அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டு, ஸ்கூலுக்கு அனுப்புகிறார்.

போன வாரம் அந்தப் பெட்டியில் புதிதாக ஒரு கேள்வி முளைத்திருந்தது. ‘ஸ்டெல்லா மெஸ் திங்கட்கிழமை திறந்திருக்குமா?’

காட்டினேன். பார்த்தார்.

“கேக்கட்டும்” என்றார்.