ஆறு மாதம் வீட்டில் இருக்க வேண்டும்

வெளிநாட்டுப் பெரிய உதைபந்தாட்டக் கழகங்களில் நிர்வாகி ஒருவர் எதிரணிக்குப் போவதாகச் சொன்னால், சம்பளத்தைக் கொடுத்தே கொஞ்சக் காலம் வீட்டில் உட்காரவைப்பார்களாம். அதற்குத் தோட்ட விடுப்பு என்று பெயராம். பத்திரிகையில் வாசித்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னையும்தான் உட்காரவைத்தார்கள். சம்பளமும் இல்லை, தோட்டமும் இல்லை. கிணற்றடியில் ஒரு முருங்கை நிற்கிறது, அவ்வளவுதான்.

மட்டக்களப்பு வாவிக்கரையில் உள்ள எங்கள் கழகத்துக்குப் பதினான்கு வருடம் செயலாளராக இருந்தேன். சும்மா செய்த வேலை. மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டதும் நான், தோற்ற அன்று தலைவரிடம் ஏச்சு வாங்கியதும் நான். போன வருடம் ஏறாவூர்க் கழகம் ஒன்று என்னை முகாமையாளராகக் கூப்பிட்டது. மாதச் சம்பளமும் தருவதாகச் சொன்னார்கள். வாழ்க்கையில் முதன்முதலாக ஒருவர் என் வேலைக்கு விலை சொன்னார். உடனே சம்மதித்தேன். லீக்கில் என் பெயரைப் பதியப் பழைய கழகத்தின் விடுவிப்புக் கடிதம் வேண்டும். பதிவு முடிய மூன்று கிழமை இருந்தது.

கடிதம் கேட்டுப் போனபோது தலைவர் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"ஆறு மாசம் வீட்ட இரிங்க, மறுகா கடிதம் தாறம். அவசரமெண்டா அவங்க ரெண்டு கோலுக்கும் புது வலையும் பன்னிரண்டு பந்தும் தரட்டும். உங்கள வளத்தெடுத்தது நாங்கதானே."

வளர்த்தெடுத்தார்களாம். நரைத்த தலையோடு நின்ற எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்டேன். கூட்டக் குறிப்பேட்டைத் திறந்து என் பக்கம் தள்ளினார். விலகுபவர் ஆறு மாதத்துக்கு வேறு கழகத்தில் பணியாற்றலாகாது, மீறினால் நட்டஈடு. கையெழுத்து என்னுடையது. நான்கு வருடத்துக்கு முன் எங்கள் பயிற்றுநர் கல்முனைக் கழகம் ஒன்றுக்குப் போகப் பார்த்தபோது, அவரைத் தடுக்க நானே எழுதி, நானே வாசித்து, ஒரே மாலையில் நிறைவேற்றிய தீர்மானம் அது.

மட்டக்களப்பார் வந்த ஆளைத் திரும்பிப் போகவிடாமல் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூர்க்காரர் சொல்வார்கள். என்னை ஒட்டவைக்க மந்திரம் ஒன்றும் தேவைப்படவில்லை.

ஏறாவூர்க்காரர் வலைக்கும் பந்துக்கும் ஒத்துக்கொண்டார்கள். உடனே தலைவர் கோலுக்கு இரும்புக் கம்பமும் வேண்டும் என்றார். அதற்கும் யோசித்தார்கள், பாவங்கள். அதற்குள் பதிவு முடிந்தது. குறை நினைக்க வேண்டாம் என்று சொல்லி வேறு ஒருவரைப் போட்டார்கள். நான் முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு தலைவரின் பரம்பரையையே ஏசினேன்.

ஏச்சுக்குத் துணை வேண்டும் என்று, இப்போது கட்டாரில் வேலை செய்யும் அந்தப் பயிற்றுநருக்குத் தொலைபேசி எடுத்தேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு நான்தான் கேட்டேன்.

"தம்பி, நீங்க அப்ப என்ன செஞ்சீங்க?"

"கடிதம் கேட்டு மூணு தரம் உங்கட வீட்ட வந்தன் சேர். நீங்க இல்லையெண்டு அக்கா சொன்னா. உங்கட சைக்கிள் வாசல்லதான் நிண்டது. மறுகா நான் கேக்கல்ல, இஞ்ச வந்திட்டன்."

குரலில் கோபமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மூன்று தரமும் மனைவியை வாசலுக்கு அனுப்பிவிட்டு நான் உள்ளறையில்தான் இருந்தேன். அவர் படலையைச் சாத்திக்கொண்டு போகும் சத்தம் கேட்கும்வரை அசையாமல் இருந்தேன். தலைவராவது என் முகத்துக்கு நேரே சொன்னார்.