அடைப்புக்குறிக்குள் இரண்டு வார்த்தை

இதை நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப் போவதில்லை. இருபத்திரண்டு வருஷமாகச் செய்தி எழுதிப் பிழைக்கிறவன் நான். பேய் பார்த்தேன் என்று அலுவலகத்துக்கு வந்தவர்களைத் தேநீர் கொடுத்து வழியனுப்பியிருக்கிறேன். ஆனால் இது எனக்கே நடந்தது. என் மேஜையில், எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருக்கும்போது, சுற்றிலும் பதினோரு பேர் உட்கார்ந்திருக்கும்போது நடந்தது. நேரத்தையெல்லாம் அன்றன்றே குறித்து வைத்தேன். அது தொழில் பழக்கம்.

ஒரு திங்கட்கிழமை மாலை 5.42க்கு ஊருக்கு வடக்கே, ஆற்றுக்கு மேலே, இரண்டு விமானங்கள் மோதிக்கொண்டன. ஒன்று, பத்தொன்பது பேர் வந்த சின்னப் பயணிகள் விமானம். மற்றது, பயிற்சிப் பள்ளியின் இரண்டு இருக்கை விமானம். பழுதுபார்த்த அந்த விமானத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு, பயிற்சியாளர் ஒருவர் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். இருபது பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

செவ்வாய்க்கிழமைக்குள் ஊரில் எல்லாரும் விமான நிபுணர் ஆகிவிட்டார்கள். எனக்கு முடிவெட்டுகிறவர் கத்தரிக்கோலை ஒரு விமானமாகவும் சீப்பை இன்னொரு விமானமாகவும் வைத்து, என் தலைக்கு மேலேயே மோதிக் காட்டினார். அன்றைய குற்றவாளி கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர், தூங்கிவிட்டாராம். மறுநாள் பயணிகள் விமானத்தை ஓட்டியவர். அவருக்குக் கண் சரியில்லையாம். யாருக்கும் ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்லத்தான் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

புதன்கிழமை மதியம் எங்களுக்கு ஓர் ஒலிப்பதிவு கிடைத்தது. ஓய்வுபெற்ற ரேடியோ மெக்கானிக் ஒருவர் மொட்டை மாடியில் ஏரியல் கட்டி, விமானிகளும் கட்டுப்பாட்டு அறையும் பேசிக்கொள்வதைப் பதிவு செய்வாராம். அவருக்கு அது பொழுதுபோக்கு. எங்கள் ஆசிரியர் துள்ளினார். அவருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் 'அவசரம்'. ஆறு மணிக்குள் எழுத்தில் வேண்டும், நாளைக்கு முதல் பக்கம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் காதில் ஹெட்போனை மாட்டினேன். கட்டுப்பாட்டு அறையின் குரல் தெளிவாக இருந்தது. பயணிகள் விமானத்தின் குரலும் கேட்டது. பயிற்சி விமானத்தை மூன்று முறை அழைத்து, உயரம், திசை, எதிரே வரும் விமானம் என்று வரிசையாகச் சொன்னார்கள். மூன்று முறையும் அதற்குப் பிறகு வெறும் இரைச்சல்தான்... ஸ்ஸ்ஸ்...

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. பேச்சை எழுத்தாக்கும்போது வெற்றிடம் விடக்கூடாது. ஒரு பக்கம் பேசவில்லை என்றால் அடைப்புக்குறிக்குள் இரண்டு வார்த்தை போட வேண்டும். மூன்று இடத்திலும் போட்டேன்.

(பதில் இல்லை)

வியாழக்கிழமை அதுவே தலைப்பு. 'மூன்று முறை அழைத்தும் பதில் இல்லை.'

பிறகு கேட்கவா வேண்டும். மொத்த ஊரும் பயிற்சியாளர் பக்கம் திரும்பியது. குடித்திருந்தார் என்றார்கள். கையில் போன் வைத்திருந்தார் என்றார்கள். வீட்டில் சண்டை, சாகப் போனவர் பத்தொன்பது பேரைத் துணைக்குக் கூட்டிப் போனார் என்று ஒருவர் எழுத, அதை மதியத்துக்குள் இரண்டாயிரம் பேர் ஆமோதித்தார்கள். பயிற்சியாளர் வீட்டு வாசல் கதவில் யாரோ கழிவு எண்ணெயை ஊற்றினார்கள். அந்தச் செய்தியையும் நான்தான் எழுதினேன். குற்ற உணர்ச்சி ஒன்றும் வரவில்லை. அசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

அன்று மாலை என் மேஜையில் இருந்த லேண்ட்லைன் அடித்தது.

வாசகர்கள் கூப்பிடுவதற்கென்று வைத்த போன் அது. வாரத்துக்கு ஒரு முறை அடித்தால் பெரிது. அதுவும் குறுக்கெழுத்தில் கட்டம் தப்பு என்று சொல்லத்தான் இருக்கும். எடுத்தேன். "செய்திப் பிரிவு, சொல்லுங்க" என்றேன்.

ஒரு நொடி கழித்து ஓர் ஆண் குரல் நிதானமாகச் சொன்னது.

"செய்திப் பிரிவு, சொல்லுங்க."

அதன் பின்னால் சீரான ஓர் உறுமல்... தூரத்தில் தண்ணீர் மோட்டார் ஓடுவதுபோல. பிறகு 'டக்' என்று நின்றது. வேலையற்ற யாரோ என்று நினைத்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். 5.42.

வெள்ளிக்கிழமையும் அதே நேரத்துக்கு அடித்தது. யார் பேசுவது என்று கேட்டேன். அதே கேள்வி எனக்கே திரும்பி வந்தது. ஆனால் கேள்வியாக வரவில்லை. மருந்துச் சீட்டைப் படித்துச் சரிபார்ப்பது மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல் வந்தது. கேலி செய்கிறவன் குரலில் ஒரு துளி சிரிப்பாவது இருக்கும். இதில் இல்லை.

இன்னொன்றையும் அன்றுதான் கவனித்தேன். போன் ஏழு முறை அடித்திருந்தது. பக்கத்து மேஜைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவர் எறும்பு நடந்தாலே சத்தம் என்று புகார் சொல்கிறவர்.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு ஒரு பெண்மணி என்னைத் தேடி வந்தார். பயிற்சியாளரின் மனைவி. மருந்துக்கடையில் வேலை, கொஞ்ச நாள் வராதீர்கள் என்று முதலாளி சொல்லிவிட்டாராம். கத்தவில்லை, அழவில்லை. வரிசையில் நின்று நின்று கால் கடுத்தவர்போல உட்கார்ந்தார். மகள் பள்ளிக்கூடத்தில் மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் இரண்டு நாளாகத் தனியாக இருக்கிறாள் என்றார். அதற்குப் பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"அவர் பதில் சொல்லாம இருக்கவே மாட்டார் சார். ரெண்டு சோப்பு, ஒரு பல்புன்னு நான் சொன்னா, 'ரெண்டு சோப்பு, ஒரு பல்பு'ன்னு திருப்பிச் சொல்லிட்டுத்தான் செருப்பையே மாட்டுவார். என் தம்பி அவருக்குக் கிளின்னே பேர் வச்சிட்டான். ஒரு நாள் சண்டையில, உங்களைக் கட்டிக்கிட்டதே தப்புன்னு கத்திட்டேன். 'என்னைக் கட்டிக்கிட்டதே தப்பு, சரி'ன்னார். சிரிப்பு வந்து சண்டையே போச்சு."

அவர் தொழிலில் அது சட்டமாம். கீழிருந்து சொல்வதை மேலே இருப்பவர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் கீழே இருப்பவர் சும்மா இருப்பார். தப்பாகச் சொன்னால் உடனே குறுக்கிட்டுத் திருத்துவார். சும்மா இருந்தால், சொன்னபடியே நடக்கட்டும் என்று அர்த்தம்.

"அந்தப் பழக்கம் எங்க வீட்டுக்கே வந்துடுச்சு" என்றார். "என் பொண்ணும் அப்படித்தான் பேசுவா."

போன் அடித்தது.

எனக்கு மணி பார்க்க வேண்டியிருக்கவில்லை. அவர் சட்டென்று போனைத் திரும்பிப் பார்த்தார். அறையில் வேறு யாரும் திரும்பவில்லை.

எடுத்தேன். இந்த முறை நான் பேசவில்லை. அந்தப் பக்கமும் பேசவில்லை. உறுமல் மட்டும்... யாரோ சொல்லப்போவதற்காகக் காத்திருப்பது போல...

"அது என்ன சத்தம்?" என்று கேட்டார் அந்தப் பெண்மணி. கேட்டுக்கொண்டே ரிசீவருக்காகக் கையை நீட்டினார்.

நான் கொடுக்கவில்லை. வைத்துவிட்டேன்.

கொடுத்திருக்கலாம். இன்றுவரை எனக்கு உறுத்துவது அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்த ரேடியோ மெக்கானிக் வீட்டுக்குப் போனேன். மாடிக்குக் கூட்டிப்போய் ஏரியலைக் காட்டினார். எல்லாம் அவரே கட்டியது, பெருமை தாங்கவில்லை. பயிற்சி விமானத்தின் குரல் ஏன் பதிவில் இல்லை என்று கேட்டேன். என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"அந்தச் சின்ன விமானமா? அது என் செட்டுல என்னிக்குமே கேக்காதே, தம்பி. அதோ பாருங்க, நடுவுல மலை. தாழப் பறக்கறது எதுவும் இங்க எட்டாது. அந்தப் பெரிய விமானம் இன்னும் மேல இருந்தப்ப பேசினதுதான் உங்களுக்குக் கேட்டது."

ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்றேன்.

"நீங்க கேக்கலையே."

உண்மைதான். நான் கேட்கவில்லை. கட்டுப்பாட்டு அறை மூன்று முறையும் பதறாமல் அடுத்த விஷயத்துக்குப் போனது ஏன் என்றும் யோசிக்கவில்லை. அவர் திருப்பிச் சொல்லியிருக்கிறார். அவர்களுக்குக் கேட்டிருக்கிறது. எனக்குத்தான் கேட்கவில்லை. அதை நான் பதில் இல்லை என்று எழுதிவிட்டேன்.

அன்று மாலை அலுவலகத்தில் நாலு பேர்தான். ஐந்தரையிலிருந்து போன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். 5.40. குளிர்சாதனம் நின்றதுபோல இருந்தது. நிற்கவில்லை, நான்தான் மற்றச் சத்தங்களைக் கேட்பதை விட்டிருந்தேன்.

5.41.

5.42. அடித்தது.

எடுத்தேன். உறுமல். இந்த முறை பக்கத்தில்... காதுக்குள்ளேயே...

சொன்னேன். "திருத்தம் போடறேன். நாளைக்குக் காலை. முதல் பக்கம்."

ஒரு நொடி.

"திருத்தம். நாளைக்குக் காலை. முதல் பக்கம்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் பக்கம் காத்திருந்தது. ஒரு மூச்சு... இரண்டு மூச்சு...

டக்.

ரிசீவர் என் கையில் ஈரமாக இருந்தது. வியர்வை என்னுடையதுதான்.

ஆசிரியர் அவசரத்திடம் போய் எல்லாம் சொன்னேன். போனைத் தவிர. திருத்தம் போட்டுத்தான் ஆக வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் முதல் பக்கத்தில் போடுவது நம் கழுத்தில் நாமே பலகை மாட்டிக்கொண்டு தெருவில் நடப்பது போல ஆகும் என்றார். பதினோராம் பக்கம் தந்தார். வாடகை வீட்டு விளம்பரங்களுக்குக் கீழே, மூன்று வரி. 'வியாழன் இதழில் பதில் இல்லை என்று வந்த இடங்களில் பதில் பதிவாகவில்லை என்று படிக்கவும்.'

நான் சண்டை போட்டிருக்க வேண்டும். களைப்பாக இருந்தது. சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அந்த மூன்று வரியை யாரும் படிக்கவில்லை. அடுத்த மாதம் முடிவெட்டப் போனபோதும் அந்தக் குடிகாரப் பயிற்சியாளரைப் பற்றித்தான் பேச்சு. நான் திருத்திச் சொன்னேன். அப்படியா சார் என்றார். அடுத்த ஆளிடம் பழையபடியே சொன்னார். அந்தப் பெண்மணி மகளோடு வேறு ஊருக்குப் போய்விட்டதாக மருந்துக்கடையில் சொன்னார்கள். முகவரி யாருக்கும் தெரியவில்லை.

திருத்தம் வந்த திங்கட்கிழமை மாலை 5.42க்குப் போன் அடித்தது. எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமையும் அடித்தது. இருபத்தாறு முறை. எண்ணினேன். புதன்கிழமை காலை சுவரிலிருந்து கம்பியைப் பிடுங்கிவிட்டேன். அதோடு சரி.

முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

எட்டு மாதம் கழித்து விசாரணை அறிக்கை வந்தது. பழுதுபார்த்தபோது பயிற்சி விமானத்தின் உயரமானியைத் தப்பாகப் பொருத்தியிருக்கிறார்கள். முந்நூறு அடி குறைத்துக் காட்டியிருக்கிறது. சொன்ன உயரத்தில்தான் பறக்கிறோம் என்று அவர் கடைசிவரை நம்பியிருக்கிறார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. விசாரணை அதிகாரி, செய்தியாளர்களை ஒவ்வொருவராக அழைத்து, கட்டுப்பாட்டு அறையின் முழு ஒலிப்பதிவைக் கேட்க அனுமதித்தார். விபத்து நடந்த அன்று இரவே சீல் வைத்த பதிவு அது. சாட்சிகள் கையெழுத்தோடு எட்டு மாதமும் பெட்டியில் இருந்திருக்கிறது.

கேட்டேன். உயரம் சொன்னார்கள், திருப்பிச் சொன்னார். திசை சொன்னார்கள், திருப்பிச் சொன்னார். எதிரே விமானம் வருகிறது என்றார்கள். அதையும் திருப்பிச் சொன்னார்.

அந்தக் குரல்... எனக்குத் தெரிந்த குரல்.

ஹெட்போனைக் கழற்றப் போனேன். அதிகாரி வேண்டாம் என்று கைகாட்டினார்.

"இன்னும் ஒண்ணு இருக்கு. நாலாவது. இதுதான் எங்களுக்கு ஒண்ணுமே புரியலை. இப்படி ஒரு உத்தரவை அந்த அறையில யாருமே கொடுக்கலை. நீங்க பத்திரிகைக்காரர், உங்களுக்காவது புரியுதா பாருங்க."

இரைச்சல். உறுமல்.

பிறகு, மோதுவதற்கு ஆறு நொடி முன்னால், அதே நிதானத்தில்...

"திருத்தம். நாளைக்குக் காலை. முதல் பக்கம்."

அதற்கு ஆறு நாள் கழித்துத்தான் நான் அதைச் சொன்னேன்.

அதிகாரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தெரியவில்லை என்றேன். அவர் பெருமூச்சு விட்டு, தட்டச்சு செய்த தாளை என் பக்கம் தள்ளினார். முதல் மூன்று பேச்சுக்குக் கீழே ஒன்றும் இல்லை. நாலாவதுக்குக் கீழே மட்டும், மோதும்வரை அவர் காத்திருந்த அந்த ஆறு நொடிக்கு, யாரோ அடைப்புக்குறி போட்டிருந்தார்கள்.

5.42. (பதில் இல்லை)