மூன்று நிறத்துக் கொடி

எனக்கு ஆறு வயதாக இருந்தபோது என் அத்தையின் கல்யாணத்தை நான் நிறுத்தினேன். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனாலும் உறவுக்காரர்கள் அப்படித்தான் சொன்னார்கள். நானும் வெகுகாலம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அத்தை என்றால் அப்பாவின் கடைசித் தங்கை. தாய் தகப்பன் போனபிறகு எங்களோடுதான் இருந்தாள். கைவேலை முடிந்தால் அவளைப் புழக்கடையில்தான் தேட வேண்டும். அங்கே கிணற்றடியை ஒட்டி ஒரு கொடி வைத்திருந்தாள். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துப் பங்களா ஒன்றில் வேலை பார்த்த என் மாமா, வேரோடு ஒரு குச்சியை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தது. ரங்கூன் மல்லி என்று பேர் சொன்னார். இரண்டு வருஷம் அது இலையைத் தவிர வேறெதையும் காட்டவில்லை. அப்பா கைகால் கழுவ வரும்போதெல்லாம், "இத மாடாவது திங்குமா?" என்று கேட்டுவிட்டுப் போவார். அத்தை காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். பாத்திரம் கழுவிய தண்ணீரை வேருக்குத் திருப்பிவிடுவாள். நுனி எந்தப் பக்கம் சாய்கிறதென்று பார்த்து, அந்தப் பக்கமே மூங்கிலை நட்டு, வாழைநாரால் தளர்வாகக் கட்டுவாள். இறுக்கிக் கட்டினால் அதற்குக் கோபம் வந்துவிடுமாம்.

மூன்றாம் வருஷம் மழைக்குப் பின் பூத்தது. நீளக் காம்புகளில் கொத்துக் கொத்தாகத் தொங்கிற்று. ஒரே கொத்தில் வெள்ளையும் ரோஸும் சிவப்பும் இருந்தன. பெண்கள் தண்ணீர் சேந்தும் சாக்கில் வந்து பார்த்து, மூன்று நிறத்துக் கொடி என்று பேரும் வைத்துவிட்டுப் போனார்கள்.

பொழுது சாய்ந்ததும் அத்தையும் நானும் அதன் அடியில் பாய் போட்டுப் படுத்துக்கொள்வோம். தொழுவத்து வாடையும் சோளத்தட்டு மணமும் மெல்ல அடங்கி, பழமா வெல்லமா என்று சொல்ல முடியாத ஒரு மணம் மேலேயிருந்து இறங்கும். மொட்டு விரிவதைக் கண்ணால் பார்த்தே தீருவது என்று நான் இமைக்காமல் கிடப்பேன். எப்படியோ கண் ஒருமுறை மூடிவிடும். அதற்குள் அது விரிந்திருக்கும். எனக்கு ஆத்திரமாக வரும். அத்தையின் கண்ணெல்லாம் பூவின் மேல்தான் இருக்கும்.

ஒருநாள் அவள் தையல் பெட்டியிலிருந்து நீல நூலில் ஒரு துண்டு எடுத்து, அப்போதுதான் விரிந்த வெள்ளைப் பூவின் காம்பில் கட்டினாள். மூன்றாம் நாள் பார்த்தால் அந்த நூல் ஒரு சிவப்புப் பூவின் காம்பில் இருந்தது. "நூல மாத்திக் கட்டுனீங்களா அத்தை?" என்று கேட்டேன். "ஆமா சாமி" என்றாள். நானும் விட்டுவிட்டேன்.

எடப்பாடிப் பக்கத்திலிருந்து சம்பந்தம் வந்தது அதற்குப் பிறகு. மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். மாப்பிள்ளை அங்கே சுண்ணாம்பு வண்டி ஓட்டி வசதியாகிவிட்டவர். அப்பாவைவிட மூத்தவர், இரண்டு மனைவிகளைப் பறிகொடுத்தவர். இனி இவளுக்கு வேறு இடம் எங்கே தேடுவது என்பது அப்பாவின் கவலை. அத்தை இரண்டு நாள் சோற்றைத் தொடவில்லை.

"புள்ளைக்குப் புடிக்கலீங்களாட்ட இருக்குதுங்க" என்றாள் அம்மா.

"அம்மங்கிட்டப் பூப் போட்டுக் கேட்டுப் போடலாம். அது சொன்னாப் போதும்" என்றார் அப்பா.

எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலமுமாகக் கட்டிக் குலதெய்வத்தின் காலடியில் வைப்பார்கள். விவரம் தெரியாத பிள்ளை ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் கூடாது. எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது. பிரித்தால் அம்மனைச் சந்தேகப்பட்டதாகும். அப்படியே கோயில் கிணற்றில் போட்டுவிட வேண்டும்.

இரண்டு நாளாகத் திறக்காத வாயை அத்தை அப்போதுதான் திறந்தாள். "ஏனுங்கண்ணா, அரளியும் நந்தியாவட்டையும் வெச்சாத் தொட்டுப் பாத்தே சொல்லிப்போடலாமுங்க. நம்மூட்டுக் கொடியில வெள்ளையும் செவப்பும் ஒரே அளவு. அதையே கொண்டு போலாமுங்களா?"

அப்பாவுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. தங்கையின் நியாயத்தை அம்மாவிடம் இரண்டு தடவை சொன்னார். புறப்படுவதற்கு முந்தின நாள் பொழுது சாய்ந்ததும், தம் கையாலேயே பூப் பறித்து, தம் கையாலேயே வாழையிலையில் பொட்டலம் கட்டினார். அத்தை எட்டவே நின்றாள். "இப்ப விரிஞ்ச வெள்ளையாப் பாத்துப் பறிங்கண்ணா" என்றதோடு சரி.

கொல்லிமலை அடிவாரத்துக் கோயிலுக்கு ஒரு பகல் முழுக்க வண்டிப் பயணம். ஈரத்துணியில் சுற்றிய பொட்டலங்களை அப்பா மடியைவிட்டு இறக்கவில்லை. அன்றிரவு சொந்தக்காரர் வீட்டில் தங்கி, மறுநாள் காலையில் கோயிலுக்குப் போனோம்.

என்னைக் குளிப்பாட்டி முன்னால் நிறுத்தினார்கள். ஊரே என் கையைப் பார்த்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கொஞ்சம் பிகு செய்துவிட்டு, வலப்பக்கத்துப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன். பூசாரி பிரித்தார். "செவப்புங்க" என்றார்.

அப்பா விழுந்து கும்பிட்டுவிட்டு வண்டி பூட்டப் போனார். அவர் முகத்தைப் பார்த்ததும் என் பெருமையெல்லாம் போயிற்று. மற்றப் பொட்டலத்தை என்னிடமே கொடுத்துக் கிணற்றில் போடச் சொன்னார்கள். தண்ணீரில் விழுந்த வேகத்தில் நார் அவிழ்ந்து இலை பிரிந்தது. பூ மேலே வந்து மிதந்தது. நன்றாக எட்டிப் பார்த்தேன்.

"அத்தை, இதும் செவப்புங்க."

பின்னாலேயே நின்றிருந்த அத்தை என் வாயைப் பொத்தினாள். "வா சாமி, போலாம்" என்றாள்.

அந்தக் கொடி மூன்று நிறத்தில் பூப்பதில்லை. சாயங்காலம் வெள்ளையாக விரிகிற பூ, மறுநாள் ரோஸாகி, அதற்கு மறுநாள் சிவந்துவிடுகிறது. எனக்குக் கல்யாணமாகி, என் வீட்டில் நானே ஒரு குச்சி நட்டு வளர்த்தபோதுதான் இது தெரிந்தது. அதற்குள் அத்தை தம்மம்பட்டிப் பக்கம், தனக்குப் பிடித்த இடத்தில் வாழ்க்கைப்பட்டு, மூன்று பிள்ளைகளுக்குத் தாயாகியிருந்தாள்.

அன்று வண்டியில் எனக்கு எதுவும் தெரியாது. அத்தை என் வலது கையைப் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டே வந்தாள். கையெல்லாம் ஈரமாயிற்று. என்னால் கல்யாணம் நின்றுபோன துக்கத்தில் அழுகிறாள் என்று நினைத்து நானும் அழுதேன். அப்பாவுக்குக் கேட்காதபடி அவள் காதோடு சொன்னேன்:

"அழுவாதீங்க அத்தை. இன்னொருக்கா வந்து, வெள்ளையா எடுத்துத் தாரேன்."