கிணற்று மண்ணுக்கு முப்பத்தைந்து படம்

தொண்ணூற்றாறாம் வருடம், மாசி மாதம் என்று ஞாபகம். அப்போது நான் கோவையில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் வரலாற்று ஆசிரியை. குடியிருந்தது சூலூரில். கேள்வியும் நானே, பதிலும் நானே என்று வகுப்பு நடத்துகிற ரகம் நான். "இந்த ராஜா நல்ல ராஜாதானே?" என்று கேட்டால், அறுபது பிள்ளைகளும் கூரை அதிர "ஆமாங்க டீச்சர்" என்று சொல்ல வேண்டும். சொல்வார்கள்.

கல்வெட்டு, நடுகல், பழைய கோயில் என்று தேடிப் போகிற பத்துப் பேர் கொண்ட ஒரு சின்னக் குழுவிலும் இருந்தேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுவோம். யாராவது ஒருவர் படங்களைக் காட்டிப் பேசுவார். என்னைத் தவிர எல்லோரும் ஆண்கள். இரண்டு வருடமாக எனக்குக் கொடுத்திருந்த ஒரே பொறுப்பு, டீக்கடைக்காரரிடம் எத்தனை டீ என்று எண்ணிச் சொல்வது. எனக்கு எரிச்சல் பொறுக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் நான்தான் பேசுவேன் என்று சண்டை போட்டே வாங்கினேன். வாங்கிய பிறகுதான் பேச என்னிடம் ஒன்றுமே இல்லை என்பது உறைத்தது.

எங்கள் பள்ளிக் கணக்கு டீச்சர்தான் கை கொடுத்தார். பல்லடம் பக்கம் அவருடைய சொந்தக்காரர் தோட்டத்தில் ஏதோ ஒரு காலத்து மண்கோட்டையின் சுவர் மிச்சம் இருக்கிறதாம், இதுவரை யாரும் படம் எடுத்ததில்லையாம். என் கொழுந்தனாரிடம் கேமராவை இரவல் வாங்கினேன். புது ரோல் போட்டுக் கொடுத்து, "அண்ணி, முப்பத்தாறு படந்தானுங்க, பாத்து எடுங்க" என்றார். படம் எடுக்க எனக்குத் தெரியாதா என்று அவரையும் ஒரு முறை முறைத்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மொபெட்டில் போய்ச் சேர்ந்தேன். தோட்டத்து எல்லையில் ஒரு திட்டு. அதில் ஏறி இறங்கும்போது வண்டி தூக்கிப் போட்டது. அங்கேயே நிறுத்தலாம் என்றால் ஸ்டாண்டும் நிற்கவில்லை. "என்ன வரப்போ இது, இப்படியா போட்டு வைப்பாங்க" என்று திட்டிவிட்டு, ஒரு கல்லை முட்டுக் கொடுத்து நிறுத்தினேன்.

தோட்டக்காரர் ஓடி வந்து வரவேற்றார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கணக்கு டீச்சர் முன்பே சொல்லியிருந்ததால், தோளில் கிடந்த துண்டு இடுப்புக்குப் போயிருந்தது.

தென்னைகளைத் தாண்டியதும் கேமரா உறையைக் கழற்றிவிட்டேன். ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு மண்மேடு, பிறை மாதிரி வளைந்து கிடந்தது. அதன் நடுவில் ஒரு வறண்ட கிணறு.

"இதுதானே கோட்டை?" என்றேன்.

அவர் மேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆமாங்க டீச்சர்" என்றார்.

"ரொம்பப் பழசா இருக்கும், இல்லையா?"

"பழசுதானுங்க."

"முற்றுகை போட்டா உள்ளே இருக்கறவங்களுக்குத் தண்ணி வேணும்னுதானே இந்தக் கிணறு?"

"தண்ணிக்குத்தானுங்க."

இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்? முள்ளில் புடவை கிழிய அந்த மேட்டில் ஏறினேன், இறங்கினேன், சுற்றி வந்தேன். கிழக்கிலிருந்து நாலு, மேற்கிலிருந்து ஆறு. மண்ணோடு பாறைத் துண்டுகள் கிடந்தன. சிலவற்றில் உருளையாக வழவழவென்று பாதிக் குழி. கோட்டைக் கதவின் மரத்தூண் நின்ற குழிகள் என்று அந்த இடத்திலேயே தீர்மானித்து, அதற்கு மட்டும் எட்டுப் படம் எடுத்தேன். தோட்டக்காரர் வெயிலில் என் பின்னாலேயே வந்து, நான் கேட்டதற்கெல்லாம் ஆமாங்க சொன்னார். இவ்வளவு விஷயம் தெரிந்த விவசாயியை நான் பார்த்ததே இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மதியம் சோறு உண்ணாமல் போகக் கூடாது என்று கூட்டிப் போனார். அவர் மனைவி காலையிலிருந்து மாட்டுக் கொட்டகையில் வேலையாக இருந்தவர். அரிசியும் பருப்பும் சோறு போட்டு, நெய்யை ஊற்றிக்கொண்டே, "கோட்டையப் பாத்தீங்களா டீச்சர்?" என்றார். நான் கிணற்றையும் மேட்டையும் கதவுக் குழிகளையும் பற்றி வாய் ஓயாமல் விளக்கினேன். அந்தம்மாவின் கையிலிருந்த நெய்க் கரண்டி அப்படியே நின்றது.

"அதுங்களா? அது கெணறு வெட்டுன மண்ணுங்க. நான் கண்ணாலமாகி வந்த வருசம் வெட்டுனது. அந்த மண்ணுல பாதி நான் கூடையில சொமந்து கொட்டுனதுங்க."

"அப்போ அந்தக் குழி?"

"பாறைக்கு வெடி வெக்கத் தமரு போட்டுத் தொளச்ச ஓட்டைங்க."

தோட்டக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். மனிதர் இலையை விட்டுத் தலையே நிமிர்த்தவில்லை.

"நீங்க ஏங்க சொல்லலை?"

"நீங்க படிச்சவங்க, டீச்சரு. ஊடு தேடி வந்தவங்க கோட்டைன்னு சொல்றப்ப இல்லீன்னு எப்படிங்க சொல்றது? போகப் போக எனக்கே சந்தேகமாப் போச்சுங்க, கெணத்துக்கு முன்னாடி அங்க கோட்டை இருந்துதோ என்னமோன்னு."

அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒன்று எனக்கு வந்தது. "நிஜக் கோட்டை எங்கீங்க?" என்றேன்.

"நீங்க வண்டிய நிறுத்தியிருக்கறீங்களே, அதானுங்க" என்றார் அந்தம்மா.

போய்ப் பார்த்தோம். நான் வரப்பு என்று திட்டிய திட்டு, கிளுவை வேலிக்கு அடியில் மூன்று தோட்டம் தாண்டி நேராக ஓடியது. கூடவே வெளிப்பக்கம் ஒரு பள்ளம். மழை பெய்தால் அதில் மட்டும் நாள் கணக்கில் தண்ணீர் நிற்குமாம், உழுதால் பழைய ஓட்டாஞ்சில்லு வருமாம். அகழி! கேமராவை எடுத்தேன். "முப்பத்தஞ்சு அங்கேயே போச்சு, ஒண்ணுதான் பாக்கி" என்று புலம்பினேன். பக்கத்தில் எங்கும் ஃபிலிம் ரோல் கிடைக்காது. அடுத்த ஞாயிறு கூட்டம், அதற்குள் இன்னொரு முறை வர எனக்கு லீவும் இல்லை.

அப்போது அந்தம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: "நான் சொமந்த மண்ண முப்பத்தஞ்சு போட்டோ புடிச்சீங்க. சொமந்தவள ஒண்ணு புடிக்கலீங்களே டீச்சர்."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லும்போதே கை முந்தானையைச் சரி செய்தது. இருப்பதோ ஒரு படம். எனக்கோ சுவர் வேண்டும். அரை நிமிடம் சுயநலமாக யோசித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிறகு, "அந்தச் சுவர் மேல ஏறி நில்லுங்க" என்றேன். ராணி மாதிரி நின்றார். அழுத்தினேன். ரோல் முடிந்தது.

படங்கள் கழுவி வந்தபோது பயங்கர ஆசை வந்தது. கிணற்று மேடு அசல் கோட்டை மாதிரியே இருந்தது. குழிகள் இன்னும் பிரமாதம். முப்பத்தைந்தையும் காட்டினால் கூட்டத்தில் யாருக்குத் தெரியப்போகிறது? இரண்டு இரவு சரியாகத் தூங்கவில்லை. கடைசியில் ஞாயிற்றுக்கிழமை அத்தனை படத்தையும் மேஜையில் பரப்பி, நடந்ததை நடந்தபடியே சொன்னேன். ஒருவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கு முகம் எரிந்தது. பிறகு அந்தக் கடைசிப் படத்தை வைத்தேன். சிரிப்பு நின்றது. எங்கள் தலைவர் பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஆள் நிக்கறதால சுவரோட அளவு தெளிவாத் தெரியுது. அடுத்த வாரம் எல்லாரும் போறோம்" என்றார். அன்றைக்கு டீ எண்ணியது அவர்தான்.

எல்லோரும் போனோம். அந்தம்மாவிடம் படத்தின் பிரதியைக் கொடுத்தேன். தலைவர் தோட்டத்தில் கம்பீரமாக நடந்து, ஓரத்தில் கிடந்த ஒரு சாம்பல் நிறக் குவியலைக் காட்டி, "இதுவும் அந்தக் காலத்ததுதானே?" என்றார்.

"ஆமாங்க" என்றார் தோட்டக்காரர்.

"ஏனுங்க, செத்த சும்மா இருங்க. அது போன மாசம் போர் கெணறு போட்ட மண்ணு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

அதன் பிறகு இருபது வருடம் பாடம் நடத்தி ஓய்வும் பெற்றுவிட்டேன். வகுப்பு மொத்தமும் ஒரே குரலில் "ஆமாங்க டீச்சர்" என்று சொன்ன போதெல்லாம் காலடியில் கிணற்று மண் நெறுநெறுப்பதுபோல் இருக்கும். உடனே புத்தகத்தை மூடிவிட்டு, "இல்லைன்னு யாராவது சொல்லுங்க, கேக்கறேன்" என்பேன்.